இரண்டாவது கண்ணாடி

பதுளை கடைவீதியில் கண்ணாடிக் கடை வைத்திருந்த புஹாரி நானா தன் வாழ்நாளில் ஒரு பிழைகூட விட்டதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். அவர் பொருத்திய ஜன்னல் கண்ணாடி வெடித்தால், மரம் சரியில்லை. அவர் சட்டம் போட்டுக் கொடுத்த முருகன் படம் சுவரிலிருந்து விழுந்தால், ஆணி அடித்தவனுக்குக் கை சரியில்லை. உப்பு வாங்கப் போய்ச் சீனியோடு வந்தால், சொல்லி அனுப்பிய பெண்சாதிக்கு வாய் சரியில்லை.

அந்தப் பெண்சாதி ஸித்தி ஸுபைதா ராத்தா என்மேல் பிரியமாக இருப்பார். பதுளைக்குப் போகிற நாட்களில் அவர் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் திரும்ப முடியாது. "பிழை என்ட எண்டு ஒரு சொல்லு இந்த மனிசன்ட வாயால வரணும் மகள். அதக் கேட்டுட்டு நான் மௌத்தானாலும் பரவாயில்ல" என்று, தவறு தன்னுடையது என ஒருநாளும் ஒப்பாத புருஷனைச் சொல்லிச் சிரிப்பார். உள்ளே கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கும் நானா, "பிழ விட்டாத்தானே சொல்றதுக்கு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அப்படிப்பட்ட மனிதரோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கும் அந்த மனிதருக்கும் பழக்கம் வந்தது வெளிச்சத்தால்தான்.

நான் நமுனுகுல மலைச்சரிவில், பசறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையின் முடிவிலிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் மிட்வைஃப். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்தவள், பதுளையில் பயிற்சி எடுத்தவள். தோட்டத்தில் எல்லோருக்கும் நான் மிஸ்ஸி. தோட்டத்து ஆஸ்பத்திரி என்று பேர்தான் பெரிது, அறைகள் மூன்றுதான். கரண்ட் ஃபேக்டரிக்கும் துரை பங்களாவுக்கும் மட்டும் உண்டு. பிரசவ அறையைக் கட்டிய புண்ணியவான் யாரென்று தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். மலையை வெட்டிய மண்மேட்டைப் பார்த்தபடி ஒரே ஒரு ஜன்னல். உச்சி வெயிலிலும் உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. டோர்ச்சுக்கு பேட்டரி கிடைப்பது குதிரைக் கொம்பு. பெட்ரோமாக்ஸ் விளக்கு இருந்தது, அதில் கட்டுகிற வலை கடைகளில் இல்லை. பிள்ளை பிறப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை, அது இருட்டிலும் வந்துவிடும். வந்த பிறகு தாய்க்கு எங்கேயாவது கிழிந்திருந்தால் அதைத் தேடித் தைக்கத்தான் கண் தெரிய வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே சின்ன முற்றம். அதன் மறுகோடியில் ஓரிடத்தில் மட்டும் காலை வெயில் விழும். அங்கே ஒரு முகக்கண்ணாடியை வைத்து வெயிலை ஜன்னல் வழியே உள்ளே திருப்பினேன். அது உள்சுவரில் போய் அடித்தது. அந்தச் சுவரில் இன்னொரு கண்ணாடியை மாட்டி அங்கிருந்து மேசைக்குத் திருப்பப் பார்த்தேன். வெளிக் கண்ணாடியைச் சரிசெய்தால் உள்கண்ணாடி பிசகும். உள்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு வெளியே ஓடினால் அதற்குள் சூரியன் நகர்ந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு பிரசவத்துக்கும் இதே கூத்து.

உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்ற வந்திருந்த புஹாரி நானா என் ஓட்டத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்கிறதுக்கு இங்க என்னங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, ரெண்டையும் ஆட்டினா ரெண்டும் ஒங்கள ஆட்டும்" என்றார்.

அவர் கடையின் பின்புறமும் இருட்டுத்தானாம். வீதி வெயிலைக் கண்ணாடி வைத்துத் தன் வெட்டுமேசைவரை கொண்டுவந்திருந்தார். கண் கூசுகிறது என்று எதிர்க்கடைத் தையல்காரர் கத்தினால், "கண்ண மூடிக்கிட்டுத் தைங்களேன்" என்பாராம். பெருமை பேசியது போக அவர் சொன்ன விஷயம் இவ்வளவுதான். வெயில் முதல் கண்ணாடிக்கு வரும் வழி நேரத்துக்கு நேரம் மாறும், அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் முதல் கண்ணாடி நிற்கும் கம்பும் மேசையும் ஓரிடத்திலேயே இருக்கின்றன. அங்கிருந்து மேசைவரைக்கும் உள்ள வழி மாறப்போவதில்லை. மாறாத வழியை ஒரு தரம் கண்டுபிடித்துப் பூட்டிவிட்டால், பிறகு ஆயுசுக்கும் அந்த வேலை இல்லை. முதல் கண்ணாடியை மட்டும் திருப்பி வெயிலை இரண்டாவது கண்ணாடியின் நடுவில் போட்டால் போதும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

"செஞ்சு முடிச்ச பாதியத் திரும்பத் திரும்ப ஏன் செய்யிறீங்க?" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது.

முற்றத்தில் கம்பு நட்டு முதல் கண்ணாடியை எந்தப் பக்கமும் திரும்புகிற மாதிரி பொருத்தினார். சீமைக்குப் போன துரை ஒருவர் விட்டுச்சென்ற அலுமாரிக் கண்ணாடியை அதன் மரச்சட்டத்தோடு வெட்டி இரண்டாவதைச் செய்தார். அது கீழே இரண்டு ஆணிகளில் உட்கார்ந்து, மேலே கம்பியில் தொங்கி, மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே செருகிய ஒரு மரத்துண்டால் முன்னே குனிந்து நின்றது. அந்தக் குனிவுதான் முழு வித்தையும். மேசையில் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் வெளிச்சம் விழும்வரை செதுக்கி, செருகி, எடுத்து, திட்டி, பகல் முழுதும் போனது. கடைசியில் வெளிச்சம் என் தோளுக்கு மேலாக வந்து தலையணையில் வட்டமாக உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சட்டத்துல ஆணி அடிச்சிருங்க நானா, அசையாம இருக்கும்" என்றேன்.

"அந்த நாளையில செஞ்ச சட்டம். ஆணி எறக்கினா பாவம். இந்த ஆப்பு உலகம் அழியிற வரைக்கும் அசையாது."

அதற்குப் பிறகு எத்தனையோ பெண்களுக்கு அந்த வெளிச்சத்தில் தைத்திருக்கிறேன். முற்றத்துக்குப் போவேன், முதல் கண்ணாடியைத் திருப்புவேன், வந்து கையைக் கழுவிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பேன். மழை, மூட்டம் இல்லாவிட்டால் அந்த அறையைப் பற்றிய கவலையே எனக்கு விட்டுப்போனது.

எழுபத்தாறாம் ஆண்டு ஆயுத பூசை. எங்கள் தோட்டத்தில் அது பெரிய விசேஷம். ஃபேக்டரி மெஷின்களுக்குச் சந்தனம், லொறிக்கு வாழைக்கன்று, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குக் குங்குமம். ஆஸ்பத்திரியிலும் தராசு, கத்தரிக்கோல், ஊசி போடும் குழாய் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் வைத்தோம். வைத்தவள் கருப்பம்மா. அந்த வருஷம்தான் ஆஸ்பத்திரி கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்திருந்தாள். அவள் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தக்காரி. அவளுடைய ஒரே மகள் செல்லாயிக்கு அது நிறைமாதம்.

பூசை இரவு கொட்டின மழையில் பசறைப் பாதையில் மண்சரிந்தது. மருந்து எடுக்கப் பதுளைக்குப் போயிருந்த டிஸ்பென்சர் தம்பையா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். விடிந்து வெயில் வந்தபோது செல்லாயிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. நல்ல சுகப்பிரசவம். கருப்பம்மா பேரனைத் துணியில் சுற்றிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். நஞ்சுக்கொடியும் விழுந்தது. அதற்குப் பிறகு நின்றிருக்க வேண்டிய இரத்தம் நிற்கவில்லை.

ஊசி போட்டேன். வயிற்றைத் தடவிப் பார்த்தேன். கர்ப்பப்பை கல் மாதிரி இறுகித்தான் இருந்தது, அங்கே கோளாறு இல்லை. ஆனாலும் சிவப்பாக, புதிதாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. உள்ளே எங்கேயோ கிழிந்திருக்கிறது. துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக் கையால் அழுத்திக்கொண்டு, செல்லாயியின் புருஷன் வீரய்யாவைப் பாதைக்கு விரட்டினேன். லொறி போக வழியிருந்தால் பதுளைக்குக் கொண்டுபோய்விடலாம்.

அவன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "பாதையே இல்லைங்க மிஸ்ஸி. பொழுது சாயிறதுக்குள்ள மண்ண எடுக்க முடியாதாம்."

அவன் பின்னால் புஹாரி நானா. முந்தின நாள் பங்களாவுக்குக் கண்ணாடி போட வந்து, ஊர் திரும்ப முடியாமல், விடிந்ததிலிருந்து மண்சரிவைத் திட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"நானா, முதல் கண்ணாடியத் திருப்புங்க. நான் கையை எடுக்க முடியாது. வெளிச்சம் மட்டும் வந்தா நான் தச்சிருவேன்" என்று கத்தினேன். வந்தால் தைப்பேன் என்று எனக்கு நிச்சயம் இருந்தது. வராவிட்டால் அந்தப் பெண் என் கைக்கடியிலேயே போய்விடுவாள் என்பதும் நிச்சயமாகத் தெரிந்தது.

அவர் முற்றத்துக்கு ஓடினார். வெயில் ஜன்னலுக்குள் பாய்ந்து எனக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் விழுந்தது. நான் செல்லாயியின் கால்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டு. நிமிர்ந்தேன். வெளிச்சம் கூரை மரத்தில் உட்கார்ந்திருந்தது.

"மேல போகுது நானா!"

அவர் திருப்பினார். வெளிச்சம் மருந்து அலுமாரிக்குப் போனது, சுவருக்குப் போனது, மறுபடி கூரைக்கு ஏறியது, கண்ணாடியை விட்டே வழுக்கிக் காணாமல் போனது. மேசைக்கு மட்டும் வரவில்லை. செல்லாயி தண்ணீர் கேட்டாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

நானா ஜன்னலோரம் வந்து மேசைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் உள்சுவரை மட்டும் எட்டிப் பார்த்தார். கண்ணாடி பளபளவென்று, நடுவில் சந்தனமும் குங்குமமுமாக, சுவரோடு சுவராக நேராக நின்றது. குனிவு இல்லை.

"ஆப்பு எங்க?" என்றார்.

கருப்பம்மா பேரனை மார்போடு அணைத்தபடி விழித்தாள். "மேல சொருகியிருந்த செராயாங்க? கழுவ எறக்கினேன். பொட்டு வச்சு மாட்டையில கோணலா முன்னுக்குச் சாஞ்சு நின்னுச்சு. பூசைக்குக் கோணலா இருக்கலாமான்னு கம்பிய முறுக்கி நிமித்தி வச்சேனுங்க. அந்தச் செரா... கூட்டிக் கொட்டிட்டேனுங்க."

ஒரு பகல் முழுதும் செதுக்கிய குனிவு அது. அப்போது முற்றத்தின் மேலே யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அந்தப் பக்கம் மூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. எங்கள் மலையில் அது மேலே வந்துவிட்டால் அன்றைக்கு வெயிலை மறந்துவிட வேண்டியதுதான்.

நானா பதறிப்போனார். முற்றத்துக்கு ஓடி முதல் கண்ணாடியைத் திருப்பினார். "அந்தக் கம்பியத் தளத்துங்க, மேல்விளிம்ப இழுங்க" என்று கருப்பம்மாவிடம் கத்தினார். அவள் பேரனை வீரய்யாவிடம் கொடுத்துவிட்டு முக்காலியில் ஏறிக் கண்ணாடியை அசைத்தாள். இவர் இதைத் திருப்ப, அவள் அதைத் திருப்ப, வெளிச்சம் அறை முழுக்கப் பறந்தது. நான் முன்பு தனியாக ஆடிய அதே கூத்தை இப்போது இரண்டு பேர் ஆடினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் கலந்திருந்தது. "ரெண்டையும் ஆட்டாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று அலறினேன்.

அலறியபோது, இரத்தம் எவ்வளவு என்று பார்க்க எடுத்திருந்த டோர்ச் என் மறுகையில் எரிந்துகொண்டிருந்தது. மஞ்சளாக, சாகப்போகிற பேட்டரியில். அதைக் கண்ணாடிப் பக்கம் ஆட்டியிருக்கிறேன் போல. முற்றத்தில் நானா அப்படியே நின்றுவிட்டார்.

"டோர்ச்ச அணைக்காதீங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "அது என்ட கண்ணுல அடிச்சுது தங்கச்சி. அது என்னட்ட வாற வழியால வெயில் ஒங்களுக்கிட்ட வரும். இப்ப வெயிலே வேணாம். அத விடுங்க."

அவர் முதல் கண்ணாடிக்கு முன்னால் போய், பிடரி அதில் முட்டும்படி நின்றார். வெயில் புறப்பட வேண்டிய இடத்தில் இப்போது அவருடைய கண். "அந்தப் புள்ளைய ஒரு சீலையால மூடுங்க. மூடிட்டுச் சொல்லுங்க, அப்பதான் பாப்பன்" என்றார். ஓர் உயிர் போகிற நேரத்தில் என்ன மானம் என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் வீரய்யா ஏற்கெனவே பிள்ளையை ஒரு கையில் ஏந்தி, மறுகையால் சீலையை இழுத்து மூடிக்கொண்டிருந்தான். நான் சீலைக்கு மேலே, வெளிச்சம் எங்கே விழ வேண்டுமோ அதற்கு நேராக, டோர்ச்சைக் கண்ணாடியை நோக்கிப் பிடித்தேன். ஒரு காயத்தைப் பார்க்க லாயக்கில்லாத டோர்ச். தூரத்திலிருந்து அது தெரிந்தால் போதும், அவருக்கு அவ்வளவுதான் தேவை.

"கருப்பம்மா, மேல்விளிம்ப உங்க பக்கம் இழுங்க. மெதுவா. டோர்ச் எழும்பி வருகுது. இன்னம். நீங்க வச்ச பொட்டுக்குக் கீழ நிக்குது. இன்னம் கொஞ்சம். நில்லுங்க!"

பொட்டின்மேல் டோர்ச் தெரிந்துவிட்டது. ஆனால் கையை எடுத்தால் கண்ணாடி விழும். செருக ஒன்றும் இல்லை. கருப்பம்மா சுற்றிப் பார்த்தாள். பூசைக்கு அலுமாரிமேல் வைத்த எலுமிச்சம்பழம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து மேல்விளிம்புக்குப் பின்னால் திணித்தாள். பெரிதாகிவிட்டது, டோர்ச் மேலே போய்விட்டது என்றார் நானா. கம்பியை முறுக்கினாள். பழம் நசுங்கிச் சாறு சுவரில் வழிந்தது. "இறங்குது, இறங்குது... போதும்! கம்பிய விடாம கட்டுங்க."

பிறகு அவர் கம்புக்குப் பின்னால் போய் முதல் கண்ணாடியைத் திருப்பினார். சீலையை விலக்க வேண்டியிருந்ததால் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பாக்க ஏலாது. வெயில் பொட்டுல நிக்குதா எண்டு நீங்க பாத்துச் சொல்லணும். பொட்ட மட்டும் பாருங்க. மகளப் பாக்காதீங்க" என்றார் கருப்பம்மாவிடம்.

"வலப்பக்கமுங்க. இன்னங் கொஞ்சம். மேலங்க. பொட்டுல நிக்குது."

என் தோளுக்கு மேலாக வெளிச்சம் வந்து விழுந்தது.

துணியை எடுத்தேன். இடப்பக்கம் உள்ளே நீளமாகக் கிழிந்து, அதன் முனையிலிருந்து இரத்தம் துடித்துத் துடித்து வந்துகொண்டிருந்தது. பார்த்துவிட்டேன். ஊசியை முனைக்கும் மேலே இறக்கி முதல் முடிச்சைப் போட்டேன். துடிப்பு நின்றது. சூரியன் நகர நகர வெளிச்சம் ஓரம் போகும், கருப்பம்மா சொல்வாள், வெளியே குனிந்த தலையோடு அவர் திருப்புவார், வெளிச்சம் திரும்பி வரும். செல்லாயி ஒரு தடவை "அம்மா" என்றாள். ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன், முக்காலிமேல் கருப்பம்மாவின் தோள் குலுங்கியது. ஆனாலும் பொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கேன்டி, இங்கதான் இருக்கேன்... கீழங்க, கொஞ்சம் கீழ" என்றாள். இந்தத் தொழிலில் நான் எத்தனையோ தாய்மாரைப் பார்த்திருக்கிறேன், அந்த முதுகைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டிய கொஞ்ச நேரத்தில் மூட்டம் முற்றத்தை மூடியது. அறை பழையபடி இருண்டது. இரத்தம் நின்றிருந்தது. செல்லாயிக்கு இளஞ்சூட்டில் சீனித் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள்.

வெளியே தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் கருப்பம்மா உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். "என் கையாலயே என் புள்ளைய மண்ணுல போடப் பாத்தேனே" என்று அழுதாள். வீரய்யா அவளைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவன் பார்வையே நன்றாக இல்லை. நானா அவளை நோக்கி நடப்பதைப் பார்த்தேன். மண்சரிவையே விடாமல் திட்டுகிற மனிதர், இவளை என்ன சொல்லப்போகிறாரோ என்று கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

"தலையில அடிக்காம எழும்புங்க" என்றார் அவர். "கோணலா நிக்கிற ஒண்டக் கண்டா நல்ல மனிசர் நேராக்கத்தான் செய்வாங்க. ஆணி அடிங்க எண்டு இந்தத் தங்கச்சி அண்டைக்கே சொன்னா. நான்தான் கேக்கல்ல. பிழை என்ட."

வீரய்யாவைப் பார்த்தும் ஒரு தரம் சொன்னார். "கேட்டுதா தம்பி? பிழை என்ட."

பிறகு ஃபேக்டரியிலிருந்து சுத்தியலும் ஆணியும் வாங்கிவரச் சொல்லி, நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் அளவுக்கே ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் செருகி, ஆணி இறக்கினால் பாவம் என்று சொன்ன அந்தச் சட்டத்தில் ஆணி அடித்தார். குங்குமம் அழிந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். "பூசைக்குக் கழட்டாதீங்க, இதிலேயே புதுசா வைங்க" என்று கருப்பம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளும் வருஷா வருஷம் அப்படியே வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மறுமாதமே யாருடைய ஜன்னலோ வெடித்ததற்கு மரத்தைக் குறை சொல்லிக் கடைவீதியில் சண்டை போட்டார். எண்பத்திரண்டில் கடையிலேயே நெஞ்சுவலி வந்து காலமானார். மௌத்தான வீட்டுக்கு நானும் கருப்பம்மாவும் போயிருந்தோம். ஸுபைதா ராத்தா அழுது ஓய்ந்து மூலையில் இருந்தார். ஆறுதலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், அந்த நாளின் கதையை அவரிடம் சொன்னேன். வெயிலை நானா கொண்டுவந்த கதை ராத்தாவுக்குத் தெரிந்திருந்தது. நானா அதை நூறு தடவை சொல்லிப் பெருமை அடித்திருக்கிறார். பீலியடியில் அவர் சொன்னது மட்டும் தெரிந்திருக்கவில்லை.

ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரா? அவர்ட வாயாலயா?"

"ரெண்டு தரம் சொன்னாருங்க" என்றாள் கருப்பம்மா.

ராத்தா முந்தானையை இழுத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எப்பிடிச் சொன்னாரு மகள்? அவர் சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன்.